கேட்ட அடையாளமும் வந்த மீனும்

கொட்டாஞ்சேனை,
யூன் மாதம், ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் சுரேகாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தம்பி றொஹானும் எழும்பி நடமாடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே இத்தாலியில் அந்த வயதுபோன சனங்களைத் தூக்கிக் கிடத்தி முதுகை முறித்துக்கொள்ளாமல் சுகமாக இருக்க மாதா துணை செய்யட்டும். முதல் வரியிலேயே ஒரு மாற்றத்தைக் கண்டிருப்பாய். நீ கன்னியர் மடத்துக்குப் போன ஒன்பது வருஷமாக நான் உனக்கு மதிப்புக்குரிய சிஸ்டர் மகளுக்கு என்றுதான் எழுதி வந்தேன், போனிலும் நீங்கள் என்றுதான் கதைத்தேன். பெத்த பிள்ளைய நீங்க எண்டு கூப்பிடுற ஒரே மனுசன் கொழும்பில நீங்கதான் என்று அம்மா அப்போதே சிரித்தாள். இன்றைக்கு நீ என்று எழுதுகிறேன். அதில் பாதி கோபம், மற்றப் பாதி என்னவென்று எழுதி முடிக்கும்போது எனக்கே தெரியவரலாம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ அழுவாய். நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சரி சரி, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிடுவேன், என் வீரமெல்லாம் அந்தக் கேள்வியோடு முடிந்துபோகும். கடிதத்தில் நீ அழுதாலும் எனக்குக் கேட்காது.

வீட்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை தொடங்கிவிட்டது. குசினிப் பக்கத்துத் தகரம் வழமைபோல ஒழுகுகிறது, நான் ஏறி ஒரு இடத்தை அடைத்தேன், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, இனி ஏணியைத் தொட்டால் ஏணியையே விற்றுவிடுவேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். றொஹானுக்கு ஒருகொடவத்தைக் கண்டெய்னர் யார்டில் இரவு வேலையாக மாற்றியிருக்கிறார்கள், பகலில் தூங்குகிறான், தூங்காத நேரத்தில் சாப்பிடுகிறான், மற்றபடி குணத்தில் மாற்றம் இல்லை. அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது, கேட்டால் கிளினிக்கில் மெஷின் பழுது என்கிறாள். என் கண்ணாடி மாற்றியாகிவிட்டது. இப்போது தூரத்தில் வருகிற பஸ்ஸின் இலக்கம் நன்றாகத் தெரிகிறது, பக்கத்தில் இருக்கிற மனிதர்கள்தான் சரியாகத் தெரியவில்லை. இந்தக் கடைசி வசனத்தை நான் பகிடிக்கு எழுதவில்லை.

மகள், இந்த மாதக் கடைசிக்குள் நீ மடத்து மதருக்குப் பதில் சொல்லவேண்டும். ஆவணியில் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்து சாகும்வரை சிஸ்டராகவே இருப்பதா, இல்லை, இருக்கிற வார்த்தைப்பாட்டை அதன் காலத்தோடு முடித்துவிட்டு வீட்டுக்கு வருவதா என்று. உயிர்த்த ஞாயிறன்று நீ போன் எடுத்துச் சொன்ன வார்த்தைகள் எனக்கு அப்படியே இருக்கின்றன. அப்பா, எனக்கு இனி ஏலாது என்றாய். யாராவது பையனா என்று நான் கேட்டேன், தகப்பன் புத்தி அங்கேதான் முதலில் போகும். இல்லை என்றாய். ஒருத்தரோடும் சண்டையும் இல்லை என்றாய். செபத்துக்குக் குந்தினா டியூட்டிக்குக் குந்தின மாதிரி இருக்கப்பா, இத இன்னும் எத்தினை வருஷத்துக்கு ஏமாத்துறது என்றாய். ஆனா நீங்க ஓம் எண்டு சொல்லாம நான் வரமாட்டன் என்றும் சொன்னாய். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்கமாட்டாய். இது நீங்களும் நானும் முடிவெடுக்கிற விஷயம் இல்லை சிஸ்டர், ஆண்டவரிடம் கேட்போம் என்றேன். சொல்லிவிட்டு, கஸ்பார், நீயும் ஞானமாகக் கதைக்கத் தொடங்கிவிட்டாய் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். எட்டாம் வகுப்போடு புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை எண்ணினவன் நான். என்னை யார் மதித்தார்கள். நீ சிஸ்டர் உடுப்பு உடுத்திய பிறகுதான் கோயிலில் எனக்கு முன்வரிசையில் இடம் வந்தது, ரொட்டிக் கடையில்கூட சிஸ்டர்ட அப்பா வந்திருக்கிறார், சூடாப் பார்த்துக் குடு என்பார்கள். ஆவணி வார்த்தைப்பாட்டு விழாவுக்கு நம் அன்பியச் செபக்குழுவினர் பேனருக்குச் சொல்லியும் விட்டார்கள். நடுவில் உன் படம் பெரிதாக, மூலையில் என் படம் முத்திரை அளவில். அந்தச் சின்னப் படத்துக்காக நான் வெள்ளைச் சேர்ட் போட்டு ஸ்டூடியோவில் போய் எடுத்தேன் என்பதை அம்மாவுக்கும் சொல்லவில்லை.

நான் ஆண்டவரிடம் வழி கேட்கிற விதம் உனக்குத் தெரியும். படித்தவர்கள் தியானத்துக்குப் போவார்கள், மனச்சாட்சி என்பார்கள். எனக்கு அதெல்லாம் பிடிபடாது, கண்ணால் காண ஒரு அடையாளம் வேண்டும். அம்மாவைப் பெண் பார்க்கப் போன நாளிலும், வழியில் கோயில் மணி அடித்தால் இது உம்முடைய விருப்பம் என்று எடுப்பேன் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டுதான் போனேன். போனது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, அதுவும் கொட்டாஞ்சேனைக்குள். எல்லாக் கோயில் மணியும் ஒன்றாய் அடித்தது. அதை இன்றைக்கும் அற்புதம் என்றுதான் சொல்லிவருகிறேன்.

உன் விஷயத்துக்கு முதலில் வேதத்தில் வருகிற மாதிரிச் செய்து பார்த்தேன். ஒருவர் ஆட்டுத்தோலை வெளியில் போட்டுவிட்டு, விடியத் தோல் மட்டும் நனைந்திருந்தால் சரி என்று ஆண்டவரிடம் கேட்டாரே, அதுபோல. கொட்டாஞ்சேனையில் ஆட்டுத்தோலுக்கு எங்கே போவது, என் துவாயை மதிலில் விரித்துவிட்டேன். விடியப் பார்த்தால் துவாயும் நனைந்திருந்தது, மதிலும் நனைந்திருந்தது, றோட்டும் நனைந்திருந்தது, ஏனென்றால் மழை. அடுத்த நாளும் விரித்தேன், விடியத் துவாயையே காணவில்லை. ஆண்டவர் எடுத்தாரா பக்கத்து வளவுக்காரர் எடுத்தாரா என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகுதான் மீன் யோசனை வந்தது. அந்தோனியார் திருநாளுக்கு முந்திய ஒன்பது நவநாட்களுக்குள், சொந்தக்காரர் அல்லாத ஒருவர், நான் கேளாமல், ஒரு முழு மீனைக் கொண்டுவந்து என் வாசலில் தந்தால், சுரேகா வீட்டுக்கு வருவது உம்முடைய விருப்பம், வராவிட்டால் அவள் சிஸ்டராகவே இருப்பது உம்முடைய விருப்பம் என்று முழங்காலில் நின்று சொன்னேன். இன்றைக்குக் கொழும்பில் மீன் விற்கிற விலைக்கு, கேட்டாலே தலையைக்கூடத் தரமாட்டார்கள். கேளாமல் முழு மீன் தருகிறவன் யார்.

இதை எனக்குள்ளேயே வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் டாலி கிளாக்காக நின்றவனின் புத்தி எங்கே போகும். இப்போது எல்லாம் பெட்டிக்குள் வருகிறது, எங்கள் காலத்தில் மூட்டை மூட்டையாக இறங்கும். எண்ணுவதற்குக் கப்பல் பக்கம் ஒரு கிளாக், கரைப் பக்கம் ஒரு கிளாக். ஒருவர் எண்ணினது கணக்கே இல்லை, இரண்டு பேரின் எண்ணிக்கையும் ஒத்துவந்தால்தான் கணக்கு. நான் கப்பல் பக்கம் என்றால் சாந்தகுமார் மாமா கரைப் பக்கம், வேலைக்காலம் முழுக்க அப்படித்தான் நின்றோம். அந்தப் பழக்கத்தில் ஆண்டவருக்கும் எனக்கும் நடுவிலும் ஒரு கரைப்பக்கத்து ஆள் வேண்டும் என்று நினைத்துவிட்டேன். நாளைக்கு நானே என் வசதிக்குக் கணக்கை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது பார். மச்சான், மீன் எண்டு கேட்டிருக்கிறன், நீதான் சாட்சி, வேற ஒருத்தருக்கும் மூச்சு விடாத என்றேன். கேட்கிறதுதான் கேட்டாய், இறால் எண்டு கேட்டிருக்கலாமே மச்சான் என்று சிரித்தான். அவன் உன் ஞானத்தகப்பனும்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு மூளையில் ஏறவில்லை.

நவநாள் முடியப் போகிற கட்டத்தில் ஒரு பின்னேரம் மஜீட்டின் த்ரீவீல் வாசலில் வந்து நின்றது. மஜீட்டை உனக்குத் தெரியும், கிராண்ட்பாஸ்காரர், உன்னை எயார்போட்டுக்கு ஏற்றிப்போனவர். கையில் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் ஒரு முழுப் பாரை மீன், வால் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. நல்ல மீனொண்டு கெடச்சிச்சி அண்ணன், ஒங்களுக்கும் ஈக்கட்டும் எண்டு கொண்டாந்த என்று தந்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். நான் பையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. பக்கத்து வீட்டுப் பூனை வந்து என் காலடியில், அதுவும் செபத்துக்கு வந்தமாதிரி, தலையை நிமிர்த்திக்கொண்டு குந்தியது. அம்மா வந்து பையை வாங்கிக்கொண்டு போய்ச் செதில் எடுக்கத் தொடங்கினாள். எவ்லின், இது என்னவென்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். பாரை என்றாள். ஆண்டவர் அனுப்பின அடையாளத்தை வைத்துக் கும்பிடுவதா குழம்பு வைப்பதா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, றொஹான் அந்தச் சந்தேகத்தைத் தலைப்பகுதியோடு தீர்த்துவைத்தான்.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன். சிஸ்டர், ஆண்டவர் ஓம் என்று சொல்லிவிட்டார், நானும் ஓம் என்று சொல்கிறேன், வாருங்கள் என்றேன். மீனின் கதையையும் முழுக்கச் சொன்னேன், வால் நீட்டிக்கொண்டு இருந்ததுவரை. கேட்டுவிட்டு நீ அழுதாய். நானும் அழுதேன். திருநாள் முடிந்த பிறகு அன்பியச் செபத்தில் எழும்பிச் சாட்சியமும் சொன்னேன். உன் விஷயம் என்று சொல்லவில்லை, குடும்பத்தில் ஒரு பெரிய முடிவு என்று மட்டும் சொன்னேன். அங்கே பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள், மீதிப்பேர் என்ன மீன் என்று கேட்டார்கள். செபத்தை நடத்தினது சாந்தகுமார் மாமா. எல்லோரையும்விட உரத்து ஆமென் என்று சொன்னதும் அவன்தான், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மஜீட்டுக்கு நன்றி சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெள்ளவத்தைக்குப் போய் நல்ல கடையில் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு கிராண்ட்பாஸில் அவர் வீட்டுக்கே போனேன். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த சம்மனசு மஜீட், தேவதூதர், உங்களுக்குத் தெரியாமலே ஆண்டவர் உங்களை அனுப்பினார் என்று தொடங்கி, நவநாள், அடையாளம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். மனிதன் இனிப்புப் பெட்டியை மெல்ல என் பக்கமாகத் தள்ளிவைத்தார். அண்ணன், இத நான் எடுக்க ஏலாது, அந்த மீன் நான் தந்ததில்ல, ஒங்கட சிஸ்டர் மகள்தான் போன் பண்ணி, திருநாளைக்கு முந்தி அப்பாக்கு ஒரு முழு மீன் வாங்கிக் குடுங்க, என்ட பேர் மட்டும் செல்ல வாணாம் எண்டாங்க, பெத்த புள்ள வாப்பாக்கு மீன் வாங்கிக் குடுக்கிறதில என்ன பிழை எண்டு நான் செஞ்ச, நீங்க அத ஆண்டவன்ட கணக்கில போடுவீங்க எண்டு எனக்குத் தெரியா என்றார். பாவம், அவர் முகம் கறுத்துவிட்டது. நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. அவர் மனைவி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார். த்ரீவீலில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் மஜீட், வேண்டாம் என்று நடந்தே வந்தேன். வழியில் யாரோ சிங்களத்தில் வழி கேட்டார்கள், நான் இடதுபக்கம் என்று கை காட்டிவிட்டு, கொஞ்சத் தூரம் வந்த பிறகுதான் அது வலதுபக்கம் என்று நினைவு வந்தது. அவர்களும் என்னை நம்பிப் போயிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா தேங்காய் துருவிக்கொண்டு இருந்தாள். மஜீட் எல்லாம் சொல்லிவிட்டார் என்றேன். துருவுகிற கை நிற்கவேயில்லை. ஓம், எனக்குத் தெரியும் என்றாள். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். செதில் எடுக்கேக்கயே தெரியும், பிள்ளை முந்தியே சொல்லிட்டாள் என்றாள். நான் சத்தம் போட்டேன். இந்த வீட்டில் ஆண்டவரின் மனதில் இருப்பது எனக்கு முந்தி இத்தனை பேருக்குத் தெரிகிறது, நான் மட்டும் எதற்கு முழங்காலில் நின்றேன் என்று கேட்டேன். அப்போதுதான் அவள் துருவுவதை நிறுத்தினாள். என்னக் கட்ட மணி கேட்டீங்க, அதுவும் பன்னிரண்டு மணிக்கு. மகள் வீட்ட வர மீன் கேட்டீங்க, அதுவும் இந்த விலைக்கு. நீங்க கேட்டது அடையாளமில்ல, நீங்க ஏற்கனவே முடிவு செஞ்சு வச்சதுக்கு ஆண்டவர்ட கையெழுத்து. பிள்ளை கேட்டது உங்களிட்ட, ஆண்டவரிட்ட கேக்கிறதெண்டா அவளுக்குத் தெரியாதா, அதுதானே ஒன்பது வருஷமா அவட வேலை என்றாள். அன்று நான் கோபத்தில் சாப்பிடவில்லை, பிறகு பசியில் சாப்பிட்டேன். அம்மா சொன்னது பிழை என்று எழுத எனக்கு முடியவில்லை. சரி என்று எழுத மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே போகிறேன்.

சாந்தகுமார் தானாகவே வீட்டுக்கு வந்தான், அம்மா சொல்லியிருக்கவேண்டும். மச்சான், நான் ஒரு பொய்யும் சொல்லயில்ல, நீ கேட்ட மீனப் பத்திப் பிள்ளையிட்டச் சொன்னன், அவ்வளவுதான் என்றான். நீ ஆமென் சொன்னாய் என்றேன். அது செபத்துக்குச் சொன்ன ஆமென், மீனுக்குச் சொன்னதில்ல என்றான். ஞானத்தகப்பன் எண்டு ஞானஸ்நானத் தொட்டியடியில என்னைத்தானே நிப்பாட்டினாய், பிள்ளை அழுதுகொண்டு கேக்கேக்க நான் என்ன செய்ய, அப்பன் மீனுக்குக் காத்திருக்கிறான், நீ ஆவணிவரைக்கும் பொறு எண்டு சொல்லவா என்று கேட்டான். துறைமுகத்தில் கரைப்பக்கத்துக் கிளாக் தன் எண்ணிக்கையை முன்கூட்டிக் கப்பல் பக்கத்துக்குச் சொல்லிவிட்டால் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் சாந்தன், அது உனக்குத் தெரியும் என்றேன். அவன் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனான். நானும் மறிக்கவில்லை. இப்போது நான் பூசைக்குப் போவது அவன் வீட்டு வாசலைத் தவிர்த்து, பெரிய சுற்று. கோபத்தில் நடப்பதில் காலுக்கு நல்ல பயிற்சி, டொக்டர் சொல்லியும் நடக்காதவன் இப்போது தினமும் நடக்கிறேன்.

மகள், எனக்கு வலிக்கிற இடம் எது என்று சொல்கிறேன், அதைத் தெரிந்துகொள். நீ வீட்டுக்கு வர நினைத்தது அல்ல. என்னோடு நீ சண்டை பிடித்திருக்கலாம். உங்கட முன்வரிசைக்காக நான் இங்க கிடந்து சாகவேணுமா அப்பா என்று நீ கேட்டிருந்தால் எனக்கு வலித்திருக்கும், வலித்து ஆறியிருக்கும். நீ ஆண்டவரின் குரலில் கதைத்தாய். என் வயதில், முதல் தடவையாக, நான் கேட்ட ஒன்று கேட்டபடியே என் வாசலுக்கு வந்தது என்று நினைத்தேன். இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டின் இலக்கம் ஆண்டவருக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டு திரிந்தேன். அந்த நாட்களில் மீதிச் சில்லறை தராத பஸ் கொண்டக்டரிடம்கூட நல்ல மனிதனாக இருந்தேன். இப்போது முழங்காலில் நின்றால், பதில் வந்தால் அது யார் அனுப்பினது என்று பார்க்கவேண்டியிருக்கிறது. மெழுகுதிரி ஆடினால் ஃபேனைத் திரும்பிப் பார்க்கிறேன். இதை வேறு யார் செய்திருந்தாலும் பகிடி என்று விடலாம். அந்த உடுப்போடு நின்று நீ செய்தாய். போனில் நீ அழுதாயே, ஆண்டவர் கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் என் பிள்ளை அழுகிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்து அழுதேன். அது என்ன அழுகை என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. கண் தெரியாத தகப்பனுக்குத் தமையன் மாதிரி நடித்துக் கறி கொடுத்து ஆசீர் வாங்கின பிள்ளையின் கதையைப் பங்குச் சுவாமி பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம், கையைத் தடவியும் பிள்ளை யாரென்று தெரியாத மனிதனா என்று நான் அந்தத் தகப்பனைப் பார்த்துத்தான் சிரிப்பேன். அவருக்காவது கண் தெரியாது, எனக்குப் புதுக் கண்ணாடி. அந்தக் கதையிலும் கறியை ஆக்கிக் கொடுத்தது தாய்தான், அதை இந்தக் கிழமைதான் கவனித்தேன்.

போன வியாழக்கிழமை உனக்குப் போன் எடுத்து, நான் சொன்ன ஓமைத் திருப்பி எடுத்துவிட்டேன், ஆவணியில் வார்த்தைப்பாடு கொடு என்று சொல்லத்தான் நினைத்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பின்வரிசை வாங்குப் பலகையில் குந்தினேன். ஆண்டவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற துணிவு போய்விட்டது. ஒன்றும் நடக்கவும் இல்லை. ஒரு பெண் நிலத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, காலைத் தூக்குங்க மாமா என்றாள், தூக்கினேன். அவ்வளவுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த வழிகாட்டல். ஆனால் காலைத் தூக்கிக்கொண்டு குந்தியிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. உயிர்த்த ஞாயிறன்று நீ சொன்ன, அப்பா, எனக்கு இனி ஏலாது. அதை ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை. சாந்தகுமார் சொல்லித் தரவில்லை, மஜீட் கொண்டுவந்து தரவில்லை. இந்தக் கதை முழுக்கவும் கலப்பில்லாமல் என் காதில் விழுந்த ஒரே வார்த்தை அதுதான். அதைக் கேட்ட உடனே நான் என்ன செய்தேன், உன்னை விட்டுவிட்டு மீன் வருகிறதா என்று வாசலைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆகவே இதைக் கவனமாக வாசி. அன்றைக்குப் போனில் சொன்ன ஓம் செல்லாது. அது உனக்குச் சொன்னது அல்ல, ஆண்டவர் அனுப்பினார் என்று நான் நினைத்த மீனுக்குச் சொன்னது, அதைத் திருப்பி எடுத்துவிட்டேன். இப்போது இன்னொன்று தருகிறேன். இதற்கு அடையாளம் இல்லை, சாட்சி இல்லை, இது ஆண்டவரின் விருப்பமா என்று எனக்குத் தெரியாது, என் விருப்பமும் முழுதாக இல்லை. ஆனால் கேட்டது நீ, பதில் சொல்லவேண்டியது நான். ஓம். வீட்டுக்கு வா. பிழையாகப் போனால் அது நான் சொன்ன பிழையாகவே இருக்கட்டும், ஆண்டவரின் தலையில் போடமாட்டேன். மன்னிப்பு வேறு விஷயம். அது இன்னும் வரவில்லை. வந்துவிட்டது என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய், ஆனால் இந்தக் குடும்பத்தில் இல்லாததை வந்ததாகச் சொன்னது இதுவரைக்கும் போதும். நீ வந்து இறங்குகிற நாளில் நான் உன்னோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்காமல் இருக்கலாம், அதை நீ பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், நான் எதைப் பொறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பொறு.

மதரிடம் போகும்போது ஒன்று செய்யாதே. ஆண்டவர் காட்டினார், ஆண்டவர் சொன்னார் என்று தொடங்காதே. எனக்கு ஏலாது மதர் என்று சொல், அது போதும், அதில் பொய் இல்லை. நீ சொன்ன அன்றே எனக்கு மெசேஜ் போடு, நான் பங்குச் சுவாமியிடமும் பேனர்க்காரனிடமும் போகவேண்டும். அன்பியத்திலும் எழும்பி, அந்த மீன் என் மகள் வாங்கித் தந்தது, நான் பிழையாக விளங்கிவிட்டேன் என்று சொல்லப்போகிறேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், என்னைப் பார்த்துச் சிரிப்பதில் அவர்களுக்கு முந்தினவன் நான். சாந்தகுமார் அதற்கும் ஆமென் சொல்கிறானா பார்ப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு. பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகை வளைக்காதே. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், போகும்போதும் வரும்போதும் உன்னோடு இருக்கட்டும், மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். நான் உன்னோடு கோபமாக இருக்கும்போதும் இதில் குறை வைக்கவேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் முத்தம். றொஹானின் அன்பு, அவன் தூக்கத்தில் இருக்கிறான், அவனுக்குப் பதில் நானே எழுதுகிறேன்.

மறக்காமல் ஒன்று. அம்மா நேற்று உன் பழைய பாவாடை சட்டைகளை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சரிவராது, புதிதாகத் தைக்கவேண்டும் என்கிறாள். ஒன்பது வருஷமாக அந்த ஒரே உடுப்புக்குள் நீ மெலிந்தாயா தடித்தாயா என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. எயார்போட்டில் இருந்து வருகிற அன்றைக்கு உடுத்தவாவது ஒன்று வேண்டும். உன் அளவை எழுதி அனுப்பு. அம்மாவுக்கு அனுப்பாதே, சாந்தகுமார் மாமாவுக்கும் அனுப்பாதே. எனக்கு நேரே அனுப்பு, தையல்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் மனம் ஆறாத உன் அப்பா,
கஸ்பார்